பழைய ரன்னர் கேம்களைத் தேடுபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் 'ரன்னர்' வகை போன் கேம்களான டெம்பிள் ரன்னும் சப்வே சர்ஃபர்ஸும் வந்த புதிதில் விளையாடியவர்கள், பல வருடம் கழித்து அவற்றைத் திறந்து பார்த்துவிட்டு ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் கேம் செய்கிறவன் இல்லை. 2011இலிருந்து விடாமல் ஓடி விழுந்துகொண்டிருக்கிறவன், அவ்வளவுதான்.

"பழைய பதிப்பு" என்று எதைச் சொல்கிறோம்?

இரண்டு வேறு சங்கதிகளுக்கு ஒரே பெயரை வைத்திருக்கிறோம். ஒன்று, ஒரு வரிசையின் முதல் கேம். டெம்பிள் ரன் 2011 ஆகஸ்டில் வந்தது, டெம்பிள் ரன் 2 வந்தது 2013 ஜனவரியில். இரண்டும் தனித்தனி ஆப்கள் என்பதால் பழையது பிடித்தவர் பழையதையே வைத்துக்கொள்ள முடிந்தது. இன்னொன்று, ஒரே கேமின் பழைய அப்டேட். சப்வே சர்ஃபர்ஸ் 2012 மே மாதம் ஐபோனுக்கும் அதே வருடம் செப்டம்பரில் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. பெயர் இன்றைக்கும் அதேதான், உள்ளே இருப்பது வேறு.

ஏக்கம் அதிகமாக இருப்பது இந்த இரண்டாவது வகையில்தான். ஒரு புத்தகத்துக்கு மறுபதிப்பு வந்தால் அலமாரியில் இருக்கும் பழைய பிரதி எங்கும் ஓடிவிடாது. ஆப் அப்படியில்லை. புதியது வரும்போது பழையதன் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடும், அதுவும் ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டு நாம் தூங்கும்போது. காலையில் எழுந்து பார்த்தால் வீட்டை இடித்துக் கட்டியிருப்பார்கள். கதவு எண் மட்டும் மாறியிருக்காது.

இந்த வகை விளையாட்டு எங்கிருந்து வந்தது?

ஆள் தானாகவே ஓடுவான், தாண்டுவது மட்டும் நம் வேலை என்ற வடிவத்தைப் பரவலாக்கியது 2009இல் வந்த கேனபால்ட். ஆடம் சால்ட்ஸ்மன் செய்தது, இசை டேனி பரனவ்ஸ்கி. முதலில் கணினியில் ஃபிளாஷ் விளையாட்டாக வந்து, பின்பு ஐபோனுக்குப் போனது. மொத்தத்துக்கும் ஒரே பொத்தான். சாம்பல் நிறத்தில் ஒரு நகரம், ஒருவன் ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்து கூரைகள்மேல் ஓடுகிறான். எதற்காக ஓடுகிறான் என்று யாரும் சொல்வதில்லை. விழுந்ததும் எத்தனை மீட்டர் ஓடினாய், எப்படிச் செத்தாய் என்று ஒரு வரி வரும். 2012இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்புக்கு முதன்முதலாக 14 வீடியோ கேம்களை எடுத்துக்கொண்டபோது அதில் கேனபால்ட்டும் இருந்தது.

டெம்பிள் ரன் செய்தது இமாங்கி ஸ்டூடியோஸ். கீத் ஷெப்பர்டு, நட்டாலியா லுக்கியனோவா என்ற கணவன் மனைவி நடத்திய சின்ன நிறுவனம் அது. பக்கவாட்டில் இருந்த கேமராவைத் தூக்கி ஓடுகிறவன் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள், பொத்தானுக்குப் பதில் விரலால் இழுக்கச் சொன்னார்கள், வழியில் கிடக்கும் காசு பொறுக்கப் போனைச் சாய்க்கச் சொன்னார்கள். அதே வருடம் செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஹாஃப்பிரிக்கிடமிருந்து ஜெட்பேக் ஜாய்ரைட். அடுத்த வருடம் டென்மார்க்கின் கிலூ, சைபோ இரண்டும் சேர்ந்து சப்வே சர்ஃபர்ஸ். 2011, 2012 என்ற இந்த இரண்டு வருடத்தைத்தான் பலரும் 'அந்தக் காலம்' என்கிறார்கள். அப்புறம் வந்ததெல்லாம், நல்லதோ கெட்டதோ, இந்த மூன்றின் பிள்ளைகள்.

டெம்பிள் ரன் 2 எல்லா வகையிலும் முன்னேறியதுதானே? ஏன் முதலாவதைப் பற்றியே பேசுகிறார்கள்?

முன்னேறியதுதான், மறுக்கவில்லை. வளைந்து நெளியும் பாதை, சுரங்க வண்டி, கயிற்றில் தொங்கிப் போவது, தூரத்தில் மலைகள் என்று எல்லாம் வந்தது. வெளிவந்து 13 நாளில் 5 கோடி பேர் இறக்கிக்கொண்டார்கள். நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவன்தான்.

ஆனால் ஒரு இடத்தில் அது வேறு விளையாட்டாகிவிட்டது. நாம் விழுந்த பிறகு வரும் அந்த மூன்று நான்கு விநாடிகளில்.

முதல் டெம்பிள் ரன்னில் கால் தடுக்கினால் துரத்திவரும் குரங்குகள் முதுகுக்கு மிக அருகில் வந்துவிடும். உடனே மறுபடி தடுக்கினால் கதை முடிந்தது. பள்ளத்தில் விழுந்தாலும் அப்படியே. செத்த பிறகு பேரம் கிடையாது. உயிர்ப்பிக்கும் இறக்கைகள் என்று ஒன்று இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை ஓடிப் பொறுக்கிய காசைக் கொடுத்து முன்பே வாங்கிவைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையை இரண்டு முறை தட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரம்தான் அது தாங்கும். அதாவது ஆபத்து வரப்போகிறது என்று முன்கூட்டியே கணித்தவனுக்குத்தான் பலன். இரண்டாவது கேமில் இது தலைகீழானது. முதலில் சாவு, அப்புறம் ஒரு பொத்தான்: பச்சைக் கல்லைக் கொடு, விட்ட இடத்திலிருந்து ஓடு. ஒவ்வொரு முறையும் விலை ஏறும்.

இதனால் ஸ்கோருக்கு அர்த்தம் மாறிப்போகிறது. ஒரே மூச்சில் ஓடி ஒருவர் எடுத்த ஒரு கோடியும், ஆறு முறை எழுந்து எடுத்த ஒரு கோடியும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். முன்பு நண்பனின் ஸ்கோரைப் பார்த்தால் அவன் விரல் எவ்வளவு வேகம் என்று தெரிந்தது. பின்பு அவனிடம் எத்தனை கற்கள் இருந்தன என்பதும் அதில் கலந்துவிட்டது.

முதல் கேமில் துரத்தியவை மூன்று குரங்குகள், இரண்டாவதில் ஒரே ஒரு பெரிய குரங்கு. எனக்கு இன்னும் அந்த மூன்றுதான் பிடிக்கும். இதற்குக் காரணமெல்லாம் கேட்காதீர்கள்.

சப்வே சர்ஃபர்ஸில் என்னதான் மாறிவிட்டது? அதே தண்டவாளம், அதே ரயில்தானே?

ஓட்டம் அதேதான். மூன்று தடம், மேலே, கீழே, இடம், வலம். ஜேக் ரயில் பெட்டியில் வண்ணம் அடித்துக்கொண்டிருப்பான், காவலரும் நாயும் வருவார்கள், ஓட ஆரம்பிப்பான். ஏறிப் பறக்கும் பலகையை எடுக்க இரண்டு முறை தட்ட வேண்டும், 30 விநாடிக்குள் மோதினால் பலகை நொறுங்கும், ஆள் தப்பிப்பான். பத்து வருடம் தொடாமல் இருந்தவர் கையில் கொடுத்தாலும் விரல் தானாக வேலை செய்யும்.

மாறியது ஓட்டத்தைச் சுற்றியிருப்பது. 2013 ஜனவரியில் நியூயார்க்கில் தொடங்கி 'உலகச் சுற்றுலா' என்று சில வாரங்களுக்கு ஒரு நகரமாகக் காட்ட ஆரம்பித்தார்கள். முதலில் அருமையாக இருந்தது, அடுத்து எந்த ஊர் என்று காத்திருந்தவர்கள் ஏராளம். கூடவே அந்த ஊருக்கென்று ஓர் ஆள், ஒரு பலகை, குறிப்பிட்ட நாளுக்குள் வாங்காவிட்டால் போய்விடும் என்ற அவசரம். பின்பு அதன்மேல் நிகழ்ச்சிகள், பரிசுப் பெட்டிகள், தினசரிப் பட்டியல்கள். விழுந்தால் எழச் சாவி வேண்டும்: முதலில் 1, பிறகு 2, 4, 8. திறந்ததும் ஓடலாம் என்றிருந்த கேமில் இப்போது வாசலிலேயே நான்கு பேர் நின்று எதையாவது கையில் திணிக்கிறார்கள்.

இந்த முறை தோற்றுப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூகுள் பிளேயில் 100 கோடி பதிவிறக்கத்தைத் தாண்டிய முதல் கேம் சப்வே சர்ஃபர்ஸ்தான், 2018இல். அப்டேட்டே விடாமல் இருந்திருந்தால் அந்தக் கேமை இன்று எத்தனை பேர் வைத்திருப்பார்கள் என்றும் யோசித்துப் பார்க்கலாம்.

முன்பு கேம் இன்னும் வேகமாக, கைக்கு நெருக்கமாக இருந்ததாகத் தோன்றுகிறது. பிரமையா?

பாதி பிரமை, பாதி போன்.

2011இல் வந்த ஐபோன் 4எஸ் திரை 3.5 அங்குலம், எடை 140 கிராம். ஒரே கையில் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் திரை முழுவதையும் தொட முடிந்தது. இப்போதைய பெரிய போன்கள் ஆறு அங்குலத்துக்கு மேல், எடை 200 கிராமைத் தாண்டுகிறது. டெம்பிள் ரன்னில் காசு பொறுக்கப் போனைச் சாய்க்க வேண்டுமே, அதை இந்தக் கல்லை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் செய்து பாருங்கள், மணிக்கட்டு பதில் சொல்லும்.

இன்னொரு பக்கம், திரையின் வேகம் இப்போதுதான் அதிகம். அன்றைய திரைகள் விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்தன, அதாவது 16.7 மில்லிவிநாடிக்கு ஒரு படம். இன்று 120 முறை சர்வசாதாரணம். எனவே விரல் சொன்னதைத் திரை தாமதமாகக் காட்டுகிறது என்று குறை சொல்ல முடியாது. விளையாடுகிறவருக்கும் அப்போதைவிட வயது பத்துப் பன்னிரண்டு கூடியிருக்கிறது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நிஜமாகவே மெதுவாகிப்போனது ஒன்று உண்டு. விழுந்ததிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கும் வரை ஆகும் நேரம். முன்பு ஒரு தட்டு. இப்போது சாவி கேட்கும், பத்து விநாடி எண்ணும், விளம்பரம் காட்டும், பெட்டி திறக்கும், பிறகுதான் விடும். இந்த மாதிரி விளையாட்டின் உயிரே 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்பதில் இருக்கிறது. அந்த ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் இவ்வளவு நின்றால் வேகம் போய்விட்டதாகத்தானே தோன்றும்?

விளம்பரமும் கடையும் எப்போது உள்ளே வந்தன?

டெம்பிள் ரன் முதலில் இலவசமில்லை, 0.99 டாலர். வந்த அடுத்த மாதமே இலவசமாக்கினார்கள், அதன் பிறகுதான் காட்டுத்தீ மாதிரிப் பரவியது. ஜெட்பேக் ஜாய்ரைடும் 0.99 டாலரில் ஆரம்பித்து இலவசமானதுதான். ஆப்புக்குள்ளேயே பொருள் விற்கும் வசதியை ஆப்பிள் 2009இல் கொண்டுவந்திருந்தது. அந்த வருடக் கடைசியில் இலவச ஆப்களுக்கும் அதைத் திறந்துவிட்டது. வழி ஏற்கெனவே போட்டுவைத்திருந்தார்கள், இவர்கள் அதில் ஓடினார்கள்.

ஆரம்பத்தில் விற்றது கேமுக்குள் செலவழிக்கும் காசு மூட்டை மட்டும்தான். பொறுமை இருந்தால் ஓடியே சேர்த்துவிடலாம், அவசரக்காரர்கள் வாங்கிக்கொள்ளலாம். அது யாரையும் உறுத்தவில்லை. விளம்பரம் பார்த்தால் உயிர் தருகிறேன் என்ற பேச்சு பிற்பாடு வந்தது. அதோடு கேமின் வடிவமே அதற்கேற்ப வளைந்தது.

அப்படியென்றால் செய்தவர்கள் பேராசையால் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாமா?

அவ்வளவு சுலபமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 0.99 டாலர் ஒரு முறை கொடுத்தவருக்கு, பத்து வருடம் ஒவ்வொரு புதுப் போனிலும் அது ஓடும்படி பார்த்துக்கொள்ள ஒருவர் சம்பளத்துக்கு உட்கார வேண்டும். போன் நிறுவனங்கள் வருடா வருடம் விதியை மாற்றும். மாற்றாத கேம் செத்துப்போகும். எப்படிச் செத்தன என்பது கீழே வருகிறது. நமக்கு வேண்டியது மாறாத கேம், மாறிக்கொண்டே இருக்கும் போனில், அதுவும் இலவசமாக. இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

ஆனால் ஒன்று செய்திருக்கலாம். பழைய அமைப்பை, மெனுவில் ஒரு மூலையிலாவது, விட்டுவைத்திருக்கலாம். கடை வேண்டாம், பெட்டி வேண்டாம், ஓடு, விழு, மறுபடி ஓடு. அதற்குக் காசு கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன்.

பாதை உண்மையிலேயே முடிவில்லாததா?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு, எனக்குப் பிடித்த கேள்வி.

பெரும்பாலான ரன்னர் கேம்களில் பாதை சின்னச் சின்னத் துண்டுகளாக முன்பே செய்துவைக்கப்பட்டிருக்கும். ஓட ஓட, கேம் அவற்றைக் குலுக்கிப் போட்டு முன்னால் ஒட்டிக்கொண்டே போகும். தாண்டி வந்த துண்டை அழித்துவிடாமல் எடுத்துப்போய் மறுபடி முன்னால் வைக்கும், அதனால்தான் சின்ன போனிலும் திணறாமல் ஓடியது. நிறைய விளையாடியவர்களுக்கு 'இந்த மரம் வந்தால் அடுத்தது பள்ளம்' என்று தெரிந்திருப்பது இதனால்தான். ஒரு துண்டுக்குள் எல்லாம் மனப்பாடம், எந்தத் துண்டு அடுத்து வரும் என்பது மட்டும் அதிர்ஷ்டம். டெம்பிள் ரன்னில் சம தூரத்தில் நான்கு முறை இடப்பக்கம் திரும்பினால் கணக்குப்படி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஆனால் அங்கே பழைய பாதை இருக்காது, அதைச் சுருட்டி எடுத்தாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இடத்தைக் குறிக்கக் கேம்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 32 பிட் தசம எண்ணில் ஏறத்தாழ ஏழு இலக்கம்தான் துல்லியமாக நிற்கும். தொடக்கப் புள்ளியிலிருந்து 1,31,072 மீட்டர் தாண்டினால், அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி விழுந்துவிடும். ஓடுகிறவன் நடுங்க ஆரம்பிப்பான். எனவே கேம் செய்பவர்கள் ஆளை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு உலகத்தை அவன் காலடியில் இழுப்பார்கள், அல்லது அவ்வப்போது எல்லாவற்றையும் சேர்த்துத் தொடக்கப் புள்ளிக்கே நகர்த்திவிடுவார்கள். மணிக்கணக்கில் ஓடினோமே, பல சமயம் நம் ஆள் ஓரடிகூட நகரவில்லை.

பழைய பதிப்பை இப்போது போனில் போட முடியுமா?

ஐபோனில் அநேகமாக முடியாது. ஆப் ஸ்டோர் எந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்பதில்லை. பழைய ஐஓஎஸ் (ஐபோனின் இயங்குதளம்) உள்ள போனில், முன்பே அதே கணக்கில் வாங்கிய ஆப்பாக இருந்தால், அந்தப் போனுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பை வேண்டுமா என்று கேட்கும், அவ்வளவே. அது 2012இன் பதிப்பாக இருக்குமென்று எதிர்பார்க்காதீர்கள். புது ஐபோனில் இதுவும் இல்லை. 2017 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 11, பழைய முறையில் செய்த '32 பிட்' ஆப்களைத் திறக்கவே மறுத்தது. அப்டேட் செய்ய ஆளில்லாத கேம்கள் அன்று கூட்டமாகப் போயின.

ஒரு பொந்து மட்டும் உண்டு. 2017இல் 12.7 பதிப்பு வரும்வரை, கணினியில் இருந்த ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள், ஆப் கோப்புகளைச் சேமித்துவைக்கும். பழைய கணினி பரணில் கிடந்தால், அதில் மொபைல் அப்ளிகேஷன்ஸ் என்ற ஃபோல்டரைத் தேடிப் பாருங்கள். கிடைத்தாலும் அதே ஆப்பிள் கணக்கு, பழைய போன் இரண்டும் வேண்டும்.

ஆண்ட்ராய்டில் கொஞ்சம் வழி உண்டு. ஏபிகே என்ற, ஆப்பை நிறுவும் கோப்பு கையிலிருந்தால் போடலாம், சில தடைகளோடு. புதிய பதிப்பு இருக்கும்போது அதன்மேல் பழையதைப் போட முடியாது, முதலில் நீக்க வேண்டும், நீக்கினால் போனில் இருக்கும் ஸ்கோரும் போகும். ஆண்ட்ராய்டு 14இலிருந்து, ஆண்ட்ராய்டு 6க்கும் முந்தைய அமைப்பைக் குறிவைத்துச் செய்த ஆப்களைப் போனே தடுத்துவிடுகிறது. பிக்சல் 7 முதலான சில போன்களில் 32 பிட் ஆப்கள் ஓடவே ஓடாது. நம் 2012 கேம்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வலையிலும் மாட்டும்.

இணையத்தில் பழைய ஏபிகே கிடைக்கிறதே, போடலாமா?

'எல்லையில்லாக் காசு' என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம். யாரோ பிரித்து, உள்ளே எதையோ வைத்துத் தைத்த கோப்பு அது. மாற்றப்படாதது என்று சொன்னாலும், மூல நிறுவனத்தின் கையொப்பம்தான் அதில் இருக்கிறதா என்று சரிபார்க்கத் தெரியாவிட்டால் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் இருக்கும் போனில் போடாதீர்கள். சிம் இல்லாத, கணக்கு எதுவும் இல்லாத பழைய போன் ஒன்று இருந்தால் அதில் போட்டு விளையாடுங்கள். உரிமை யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. விற்பனையில் இல்லை என்பதால் மட்டும் ஒரு கேம் பொதுச்சொத்தாகிவிடாது.

பழைய போன் ஒன்று கிடக்கிறது, கேம் உள்ளேயே இருக்கிறது. எப்படிக் காப்பாற்றுவது?

முதலில் வைஃபையை அணையுங்கள். ஸ்டோரில் தானாக அப்டேட் ஆவதை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் அந்தக் கேமின் பக்கத்தில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் அதற்கு மட்டும் நிறுத்தலாம். பேக்கப் எடுத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஐகிளவுட் பேக்கப்பில் ஆப் இருக்காது, அதன் தரவுதான் இருக்கும். மீட்டெடுக்கும்போது ஆப் ஸ்டோரிலிருந்து புதிதாக இறங்கும்.

பேட்டரியைப் பாதி அளவு சார்ஜில் வைத்து, அணைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். போனின் முதுகு உப்பியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம், பேட்டரியை மாற்றக் கொடுங்கள்.

கொடுக்கும்போது 'ரீசெட் செய்யாதீர்கள்' என்று வாயால் சொன்னால் போதாது, எழுதி ஒட்டுங்கள். நான் சொல்லித்தான் கொடுத்தேன். திரை மாற்றித் திரும்பி வந்தபோது போன் பளபளவென்று இருந்தது, உள்ளே கழுவித் துடைத்திருந்தார்கள். 'சுத்தம் செய்து கொடுத்திருக்கிறோம்' என்று பெருமையாக வேறு சொன்னார்கள். நான்கு வருட ஜெட்பேக் ஜாய்ரைட் அதோடு போனது.

ஃபிளாஷில் விளையாடியவை?

அடோபி ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. ஆனால் இந்தப் பக்கம் நிலைமை போனைவிட மேல். ரஃபிள் என்ற மென்பொருள் பழைய ஃபிளாஷ் கோப்புகளை இன்றைய உலாவியிலேயே ஓட்டுகிறது, ஃபிளாஷ்பாயின்ட் என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய ஃபிளாஷ் கேம்களைப் பெருமளவில் சேர்த்துவைத்திருக்கிறார்கள். இத்தனை காலம் கழித்து கணினி விளையாட்டு பிழைத்திருக்கிறது, அதற்குப் பின்னால் வந்த போன் விளையாட்டு காணாமல் போகிறது.

ஃப்ளாப்பி பேர்டும் இந்தக் கணக்கில் வருமா?

ஓட்டம் இல்லை, பறத்தல். ஏக்கம் ஒன்றேதான். வியட்நாமின் டாங் நுயென் 2013இல் வெளியிட்டார். 2014 தொடக்கத்தில் உலகமே அதைப் பிடித்துக்கொண்டது, பிப்ரவரியில் அவரே எடுத்துவிட்டார். கேம் உள்ளேயிருக்கும் பழைய போன்களைக் கொள்ளை விலைக்கு விற்கப் பார்த்தார்கள். அப்டேட்டால் கெடாமல், புகழின் உச்சியிலேயே நின்றுபோன கேம் என்பதால் அதைப் பற்றி யாரும் 'முன்பு நன்றாக இருந்தது' என்று சொல்வதில்லை. முன்பு மட்டும்தானே இருந்தது.

திரும்ப விளையாடினால் அதே சுகம் கிடைக்குமா?

பத்து நிமிடம் கிடைக்கும். முதல் ஓட்டத்தில் இசை கேட்டதும் உடம்பு சிலிர்க்கும், மூன்றாவதில் விரல் பழைய கணக்கைப் பிடித்துக்கொள்ளும், பத்தாவதில் 'சரி, இவ்வளவுதானா' என்று தோன்றும். ஏமாற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை மற்ற காலத்தைவிட அதிகமாக நினைவில் தங்குகின்றன என்பது உளவியலில் பலமுறை பார்க்கப்பட்ட விஷயம். அந்த வயதில் கையில் எது இருந்ததோ அது ஒட்டிக்கொள்கிறது. சிலருக்குப் பம்பரம், நமக்குக் குரங்கு துரத்தியது.

ஆனால் எல்லாவற்றையும் வயதின் மேல் போட்டுவிடுவதும் சரியில்லை. விழுந்தால் முடிந்தது என்றிருந்ததும், தட்டினால் உடனே தொடங்கியதும் நிஜமாகவே இருந்தவை. பழைய போனில் ஓட்டிப் பார்த்தால் இன்றும் கையில் தெரியும்.

இப்போது கிடைப்பவற்றில் அந்தப் பழைய சுவை எதிலாவது உண்டா?

2015இல் வந்த ஆல்டோஸ் அட்வெஞ்சர், பனிமலைச் சரிவில் சறுக்கிக்கொண்டே போவது. அமைதியானது, அவசரம் இல்லை. 2014இன் க்ராஸி ரோடு, ஓட்டம் இல்லையென்றாலும் விழுந்த மறுகணம் தொடங்கலாம். இணையம் இல்லாதபோது குரோமில் வரும் டைனோசரைச் சிரித்துக்கொண்டே ஒதுக்கிவிடாதீர்கள். 2014இலிருந்து இருக்கிறது, கடை இல்லை, பெட்டி இல்லை, மோதினால் மோதியதுதான்.

என் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழையதைக் காட்டினால் பிடிக்குமா?

ஒரே ஒருமுறை சோதித்தேன். என் அக்காவின் பழைய ஐபோனில் முதல் டெம்பிள் ரன் அப்படியே இருந்தது, அவள் அதை அப்டேட் செய்யச் சோம்பல்பட்டதால் பிழைத்தது. அவள் மகளுக்கு ஒன்பது வயது. கொடுத்ததும் 'இவன் ஏன் இப்படி ஓடுறான்' என்று சிரித்தாள். முதல் வளைவிலேயே திரும்பாமல் நேராகப் போய் விழுந்தாள். விழுந்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"என்ன பார்க்கிறாய்?" என்றேன்.

"விளம்பரம் வரும்ல மாமா. பார்த்தா உயிர் குடுக்கும்."

வராது, மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும் என்றேன். இது என்ன அநியாயம் என்பது போல என்னைப் பார்த்தாள். அப்புறம் ஓடினாள், விழுந்தாள், ஓடினாள். ஏழெட்டு முறை ஆனதும் சிரிப்பு நின்றுபோய் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஸ்கோர் பட்டியலைத் திறந்து, மேலே இருந்த எண்ணைக் காட்டி யாருடையது என்று கேட்டாள். உன் அம்மாவுடையது, நீ பிறப்பதற்கு முன் எடுத்தது என்றேன்.

போன் இன்னும் என் கைக்கு வரவில்லை. அம்மாவைத் தாண்டிவிட்டுத்தான் தருவாளாம். அக்கா தன் ஸ்கோர் எவ்வளவு என்று அன்றைக்குப் பார்த்துவிட்டு, சார்ஜரை எங்கே வைத்தோம் என்பது நினைவில்லை என்கிறாள்.